டேம் எத்தனை அடி?
மழை பெய்யாத ஊரின் ஆற்றில் தண்ணீர் ஓடுவது எப்படி? கம்பம் பள்ளத்தாக்கு சொல்லித்தரும் நீர் சுழற்சிப் பாடம்

ஜூன் மாதம் பிறந்தால் போதும், கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடை, வயல் வரப்பு, பஸ் நிறுத்தம் என்று எங்கே போனாலும் ஒரு கேள்வி காதில் விழும். "பெரியாறு டேம் எத்தனை அடி நிக்குது?"

பதிலைக் கேட்டதும் பெரியவர்களின் முகம் மலரும், அல்லது வாடும். சுற்றிலும் பார்த்தால் கூடலூரிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் மழைக்கான அறிகுறியே இருக்காது. மேகங்கள் தலைக்கு மேல் ஓடும். காற்று புழுதியை வாரி இறைக்கும். எப்போதாவது முகத்தில் தெளித்தாற்போல லேசான சாரல் வந்து போகும். ஆனாலும் முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்.

மழையே பெய்யாத ஊரின் ஆற்றில் ஓடுவது யாருடைய மழை?

பள்ளிப் புத்தகத்தில் நீர் சுழற்சிப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கடல், ஒரு சூரியன், ஒரு மேகம், ஒரு மலை, ஒரு ஆறு. இவற்றைச் சுற்றி வட்டமாக அம்புக்குறிகள். தேனி மாவட்டத்துக்கு அந்தப் படத்தை வரைந்தால், கூடுதலாக ஒரு அம்புக்குறி போட வேண்டும். அது மலையைத் துளைத்துக்கொண்டு போகும். முதல் அம்புக்குறியில் இருந்து தொடங்கினால், அந்த அம்புக்குறி எங்கே வருகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கடலில் கிளம்பும் பயணம்

தேனி மாவட்டத்தில் கடல் கிடையாது. ஆனால் கம்பத்தில் இருந்து மேற்கே நேர்கோடு போட்டால் சுமார் 100 கிலோமீட்டரில் அரபிக்கடல் வந்துவிடும். கதை அங்கேதான் ஆரம்பம்.

வெயிலில் கடல்நீர் சூடாகிறது. மேற்பரப்பில் இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குத் தெரியாத நீராவியாக மாறிக் காற்றில் கலக்கிறது. இதற்குப் பெயர் ஆவியாதல். இதற்குத் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்பதில்லை. கொடியில் காயும் பள்ளிச் சீருடை கொதிக்கிறதா என்ன? ஆனாலும் மாலைக்குள் உலர்ந்துவிடுகிறது அல்லவா, அதே வேலைதான் கடலிலும் நடக்கிறது.

கடல்நீர் உப்புக் கரிக்கும், மழைநீர் ஏன் கரிப்பதில்லை? ஆவியாகும்போது நீர் மட்டுமே மேலே போகிறது. உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தியில் விட்ட கடல்நீர் வற்றியதும் உப்பு மட்டும் மிஞ்சுவது இதனால்தான்.

நீராவி கடலில் இருந்து மட்டும் கிளம்புவதில்லை. ஏரி, குளம், ஈர மண் எல்லாவற்றில் இருந்தும் கிளம்புகிறது. மரம் செடிகளும் வேர் வழியாக உறிஞ்சிய நீரில் பெரும்பகுதியை இலைகளில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக ஆவியாக வெளியே விடுகின்றன. இதை நீராவிப்போக்கு என்பார்கள். கம்பத்துத் திராட்சைப் பந்தலின் கீழே நடந்தால் குளுகுளு என்று இருக்கிறதே, அதற்கு நிழல் ஒரு காரணம், இந்த நீராவிப்போக்கு இன்னொரு காரணம்.

மலை ஏறும் காற்று

கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும். சூடான நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப கடலில் இருந்து ஈரக்காற்று வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலில் இருந்து இப்படி வீசுவதுதான் தென்மேற்குப் பருவக்காற்று.

கேரளத்தைத் தாண்டி வரும் அந்தக் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. காற்று என்ன செய்யும்? மலைமேல் ஏறும். மேலே போகப் போகக் காற்று விரிந்து குளிர்ந்துவிடும். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். போடியில் வியர்த்து வழிகிறவர்கள், போடிமெட்டு ஏறியதும் ஸ்வெட்டரைத் தேடுவது இதனால்தான்.

குளிர்ந்த காற்றால் நிறைய நீராவியைச் சுமக்க முடியாது. அதனால் நீராவி சுருங்கி, காற்றில் மிதக்கும் தூசியைச் சுற்றிக் குட்டிக் குட்டி நீர்த்துளிகளாக மாறும். இதுதான் ஆவி சுருங்குதல். குளிர்ந்த மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகத் துளிகள் கட்டுமே, அந்தத் துளிகள் டம்ளருக்குள் இருந்து கசிந்தவை அல்ல. சுற்றியிருந்த காற்றின் நீராவிதான் அப்படி மாறியிருக்கிறது.

இப்படிப்பட்ட துளிகள் கோடிக்கணக்கில் சேர்ந்து மிதப்பதுதான் மேகம். சின்னமனூரில் இருந்து ஏறிப் போகிற மேகமலைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அங்கே தேயிலைத் தோட்டத்துக்குள் வெள்ளையாகப் பனிமூட்டம்போல நுழைவது மேகமேதான். மேகத்துளிகள் ஒன்றோடு ஒன்று மோதிப் பெரிதாகும்போது கனம் தாங்காமல் மழையாக விழும். ஒரே ஒரு மழைத்துளி உருவாக ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் தேவை!

அந்தப் பக்கம் குடை, இந்தப் பக்கம் புழுதி

தினமும் காலையில் கம்பம், கூடலூர், போடி ஊர்களில் இருந்து ஏராளமானோர் ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். ஜூலை மாதத்தில் அவர்களிடம் கேட்டால் ஒரு வேடிக்கை சொல்வார்கள். கீழே கிளம்பும்போது வெயில். மலை உச்சியைத் தாண்டியதும் கொட்டும் மழை. வேலை முடித்துக் கீழே இறங்கினால் மறுபடியும் காய்ந்த தரை.

மலை ஏறும்போது காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை அந்தப் பக்கமே மழையாகக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. சூடான காற்றில் மேகம் கரைந்துபோகும். ஆகவே இந்தப் பக்கம் மழைக்குப் பதில் காற்றுதான் வருகிறது. இப்படி மலையின் மறைவில் மழை குறைந்துபோகும் இடத்துக்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். மழையைத் தராத அதே காற்று, அங்கே மின்சாரத்தைத் தருகிறது.

அப்படியானால் தேனிக்கு மழையே கிடையாதா? உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று திசை மாறி, வங்காள விரிகுடாவில் இருந்து வீசும். அது வடகிழக்குப் பருவமழை. பள்ளத்தாக்கின் சொந்த மழையில் பெரும் பங்கு அப்போதுதான் கிடைக்கிறது. சித்திரை, வைகாசியில் மாலை நேரத்து இடிமழையும் உண்டு. கடற்கரையே இல்லாத மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள் தண்ணீர் அனுப்புகின்றன. ஆனால் அரபிக்கடல் அனுப்பும் பங்கு மலைக்கு அந்தப் பக்கமே விழுந்துவிடுகிறது.

மலையைத் துளைத்த அம்புக்குறி

மேற்குத் தொடர்ச்சி மலையின் சிவகிரிப் பகுதியில் பிறக்கும் பெரியாறு, 244 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. கடலில் இருந்து கிளம்பிய நீர் மலையில் மழையாக விழுந்து, ஆறாக ஓடி, அதே கடலுக்குத் திரும்புகிறது. சுழற்சி அதோடு முடிந்தது. மலைக்கு இந்தப் பக்கம் வைகைச் சீமையோ வறண்டு கிடந்தது.

மேற்கே போகும் நீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்ற யோசனை பழையது. ராமநாதபுரம் சேதுபதி அரசின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்தார். செலவு அதிகமாகும் என்பதால் அது கைவிடப்பட்டது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கியது. லட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள். அதன்பிறகு அந்த யோசனைக்கு மறுபடி உயிர் வந்தது.

1887ஆம் ஆண்டு பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் அணை வேலை தொடங்கியது. அடர்ந்த காடு, வெள்ளம், மலேரியாக் காய்ச்சல். காய்ச்சலிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் உயிரை இழந்தார்கள். 1895ஆம் ஆண்டு அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது.

இதில் அணை பாதி வேலைதான். மீதிப் பாதி, மலையைக் குடைந்து போட்ட சுரங்கம். சுமார் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் வழியாகத் தேக்கடி ஏரியின் நீர் மலையின் இந்தப் பக்கம் வருகிறது. லோயர் கேம்ப் போயிருந்தால் மலைச்சரிவில் இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் வழியாகப் பாய்ந்து வரும் நீர் முதலில் மின்சாரம் தருகிறது. பிறகு ஆறாகிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாக ஓடி, தேனிக்கு அருகே வைகையோடு சேர்கிறது.

புத்தகப் படத்தில் இல்லாத அம்புக்குறி இதுதான். பூமி இழுக்கும் திசையில், அதாவது மேட்டில் இருந்து பள்ளத்துக்கு ஓடுவது தண்ணீரின் இயல்பு. அந்த இயல்பை மனிதர்கள் மாற்றவில்லை. பள்ளத்துக்குப் போக இன்னொரு வழியைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வாருங்கள். எத்தனை அடி என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? அணையில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால், அந்த நீர் இந்தப் பக்கம் வராது. சுரங்கத்துக்குத் தண்ணீர் போகும் வழி அதைவிட உயரத்தில் இருக்கிறது. மேலே, 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 142 அடி வரை தேக்கலாம். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நிற்கும் தண்ணீரை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. போதுமான தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் முதல் தேதியே முதல் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள். மழை தள்ளிப்போனால் நாற்றங்காலும் தள்ளிப்போகும்.

அந்த நீரின் பயணம் அங்கே நிற்பதில்லை. 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது. வைகையின் கடைசித் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தேடிப் போகிறது. மிஞ்சினால் கிழக்குக் கடல். அரபிக்கடலில் கிளம்பிய துளி ஒன்று இப்படி எதிர்த்திசைக் கடலைப் போய்ச் சேரலாம். நடுவழியில் ஒரு நெற்பயிர் உறிஞ்சி, ஆவியாக வானத்துக்கே திருப்பி அனுப்பவும் செய்யலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த முறை ஒரு திராட்சையைக் கடிக்கும்போது யோசித்துப் பாருங்கள், அந்தச் சாறு எந்தக் கடலில் இருந்து வந்திருக்கும்!

காடு என்னும் பஞ்சு

விழுந்த மழை எல்லாம் உடனே ஆற்றுக்கு ஓடிவிடாது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். அதற்கு ஊடுருவல் என்று பெயர். காட்டில் உதிர்ந்த இலைகள் மெத்தைபோலக் கிடக்கும். வேர்கள் மண்ணைத் துளைத்து வழி செய்திருக்கும். காட்டு மண் பஞ்சுபோல மழையை உறிஞ்சி வைத்து, ஊற்றாகவும் ஓடையாகவும் மெல்ல மெல்ல வெளியே விடும். மழை நின்று பல நாட்கள் ஆன பிறகும் மலை ஓடைகளில் நீர் ஓடுவது இதனால்தான்.

காடு அழிந்த சரிவில் கதை வேறு. மழை மண்ணையும் அடித்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கிவிடும். இன்று வெள்ளம், அடுத்த வாரம் வறட்சி. வைகை பிறக்கும் வருசநாட்டு மலைகள் காடு குறைந்ததன் விலையைப் பார்த்தவை. அந்த மலைகளையும் மேகமலையையும் சேர்த்து 2021ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலிக்காகக் காடு காக்கப்பட்டால், அந்தக் காடு ஆற்றையும் காக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. சுருளி அருவியிலோ கும்பக்கரை அருவியிலோ குளிக்கப் போகிறீர்கள். அருவி அருகே வெயில் அடிக்கிறது. ஆனால் வனத்துறை, "இன்று குளிக்கத் தடை" என்கிறது. ஏமாற்றமாக இருக்கும். ஆனால் மலை உச்சியில் பெய்த மழை இன்னும் கீழே வந்து சேரவில்லை என்பது அதன் பொருள். அருவியில் நீர் திடீரெனப் பெருகினாலோ கலங்கி வந்தாலோ, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் கரையேறிவிட வேண்டும்.

தண்ணீர் தீராது என்றால், குடம் ஏன் காலி?

நீர் சுழற்சிப் பாடம் நடக்கும்போது புத்திசாலிப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. "தண்ணி சுத்திச் சுத்தி வந்துட்டே இருக்குன்னா, சித்திரையில எங்க தெருக் குழாயில மட்டும் ஏன் வரல?"

சரியான கேள்வி. உலகத்தில் உள்ள தண்ணீரின் மொத்த அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது, எப்போது வருகிறது என்பதுதான் சிக்கல்.

உலகத் தண்ணீர் முழுவதும் 100 லிட்டர் டிரம்மில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 97 லிட்டர் உப்புநீர். மீதி 3 லிட்டரில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் பனிக்கட்டி. பாக்கியில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில். எல்லா ஆறுகளிலும் நன்னீர் ஏரிகளிலும் இருப்பதைச் சேர்த்தால் இரண்டு தேக்கரண்டிகூடத் தேறாது!

அடுத்தது நேரம். வானத்துக்குப் போன நீராவி சராசரியாக ஒன்பது, பத்து நாட்களில் மழையாகத் திரும்பிவிடும். ஆனால் பாறைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் நீர் அங்கே சேர நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கலாம். பல நூறு அடிக்கு போர் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு அதை ஒரே கோடையில் எடுத்துவிட்டால், அடுத்த மழையில் அது நிறைந்துவிடாது. எடுத்த தண்ணீர் உலகத்தை விட்டு எங்கும் போகவில்லை. ஆவியாகி எங்கோ மழையாகப் பெய்திருக்கும். ஆனால் அது உங்கள் தெருவில் பெய்யும் என்று யாரும் உறுதி தர முடியாது.

முன்னோர்கள் கண்மாயும் குளமும் வெட்டியதற்குக் காரணம் இதுதான். சில மாதங்களில் மொத்தமாக வந்துபோகும் மழையை ஓடவிடாமல் நிறுத்தி, ஆண்டு முழுக்கப் பயன்படுத்தினார்கள். கண்மாயில் நிற்கும் நீர் மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுக் கிணறுகளையும் நிரப்பும். கண்மாயில் குப்பை கொட்டி வரத்து வாய்க்காலை அடைத்தால், மழை வந்தாலும் தண்ணீர் தங்காது. பெரியாற்று அணை செய்வதும் கண்மாய் செய்வதும் வீட்டு மொட்டைமாடியில் விழும் நீரைச் சேமிக்கும் மழைநீர் சேகரிப்புத் தொட்டி செய்வதும் ஒரே வேலைதான். அளவு மட்டுமே வேறு.

செய்து பாருங்கள்

1. ஊரில் உள்ள வேப்பமரத்தின் இலை நிறைந்த சிறு கிளையைக் கண்ணாடிபோலத் தெரியும் பாலிதீன் பையால் மூடி, வாயை நூலால் கட்டுங்கள். காலை வெயில் வரும் பக்கமாக இருக்கட்டும். மாலையில் பாருங்கள். பைக்குள் நீர்த்துளிகள் இருக்கும். மரம் வானத்துக்கு அனுப்ப வைத்திருந்த தண்ணீர் அது. பார்த்து முடித்ததும் பையை அவிழ்த்துவிடுங்கள்.

2. இரண்டு பழைய தட்டுகளில் மண் நிரப்புங்கள். ஒன்றின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். மற்றொன்றை வெறுமனே விடுங்கள். இரண்டையும் ஒரு பக்கம் சாய்த்து வைத்து, கீழே ஆளுக்கொரு கிண்ணம் வையுங்கள். ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் மெதுவாகத் தெளியுங்கள். எந்தக் கிண்ணத்தில் தண்ணீர் முதலில் வந்தது? எதில் கலங்கலாக வந்தது? இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வருசநாட்டு மலையில் காடு ஏன் வேண்டும் என்பது புரிந்துவிடும்.

இந்த வாரக் கேள்வி

வைகை அணையில் ஒரு வாரமாக மதகு திறக்கவில்லை, யாரும் தண்ணீர் எடுக்கவில்லை, மழையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நீர்மட்டம் குறைந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும்? இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டுமே மேலே சொல்லியாகிவிட்டது. வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்பதற்கு முன்னால் நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள். விடை அடுத்த வாரம்.